வில்லன் எடுபடவில்லையா? மலைக்கதை எழுதுவோருக்கான பிழைநீக்க வழிமுறை

நாவலை எழுதி முடித்து நாலு பேரிடம் கொடுத்திருப்பீர்கள். நாலு பேரும் "கதை நல்லாருக்கு, வில்லன்தான் ஒட்டல" என்கிறார்கள். எங்கே ஒட்டவில்லை என்று அவர்களால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை. வாசகர் சொல்லும் குறையிலிருந்து தொடங்கி, காரணத்துக்குப் போய், திருத்தத்தில் முடிகிற மாதிரி இந்த வழிமுறை அமைந்திருக்கிறது. எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே கற்பனைக் கதை: கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு பெண், அவளிடம் இலை வாங்கும் ஏஜென்ட், அவனுக்குப் பின்னால் இருக்கும் ஃபேக்டரி முதலாளி.

முதலில் ஒரு சோதனை

எதையும் திருத்துவதற்கு முன், வில்லன் வரும் காட்சிகளை மட்டும் வெட்டித் தனிக் கோப்பில் ஒட்டி வரிசையாகப் படியுங்கள். நாயகி இல்லாமல் அது ஒரு கதையாக ஓடுகிறதா? பெரும்பாலும் ஓடாது. மிரட்டுகிறான், சிரிக்கிறான், மறைகிறான், மறுபடி மிரட்டுகிறான் என்று துண்டு துண்டாகக் கிடக்கும்.

அடுத்து ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, அன்றைக்கு அவனுக்குத் தெரிந்த விஷயம், அவனுக்கு அடுத்துத் தேவைப்படுவது, அதற்காக அவன் செலவழிப்பது. செலவு என்றால் ரூபாய் மட்டுமில்லை. ஒருவரிடம் கேட்ட உதவி, ஊரில் போன பெயர், தூக்கம் கெட்ட ராத்திரி எல்லாம் செலவுதான். நாயகி மேடையில் இல்லாத நாட்களுக்கும் இந்தத் தாளை நிரப்ப வேண்டும். இதை வில்லன் தாள் என்று வைத்துக்கொள்வோம். கோளாறு இருக்கும் இடத்தில் கட்டம் காலியாக இருக்கும். கீழே வரும் திருத்தங்களில் பாதி இந்தத் தாளை நிரப்புவதுதான், ஏனென்றால் வில்லன் பக்கத்துக் கணக்கு அவனளவில் நேராக வராதவரை வாசகர் அவனை நம்ப மாட்டார்.

அறிகுறி: "அவன் வந்தா பயமே வரல"

இது மிக அதிகமாக வரும் புகார், காரணமும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே. வில்லனின் அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன, அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் இல்லை. மீசை, ஜீப், கர்ஜனை மூன்றும் சேர்ந்தாலும் ஒருவனால் என்ன செய்ய முடியும் என்று வாசகருக்குத் தெரியாது.

கோளாறான வடிவம் இப்படி இருக்கும்:

ஏஜென்ட் மீசையை முறுக்கியபடி ஜீப்பிலிருந்து குதித்தான். "என்னடி, என் பாக்கிப் பணம் எங்கே? பணம் வரலைன்னா இந்தத் தோட்டம் எனக்குத்தான்!" என்று கர்ஜித்தான். அவள் நடுங்கினாள்.

அவள் நடுங்கினாள், வாசகர் நடுங்கவில்லை. இதே ஆளை இலை எடை போடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்:

தொங்கு தராசில் 43 என்று எண் நின்றது.
"அக்கா, மழையில பறிச்சிருக்கீங்க. தண்ணிக்கு மூணு, சாக்குக்கு ஒண்ணு." சீட்டில் 39 என்று எழுதினான்.
"நேத்து ரெண்டுதானே தம்பி கழிச்சே?"
"நேத்து தூறல்க்கா." பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நோட்டைப் புரட்டினான். "பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாச்சா?"
"கட்டணும் தம்பி."
"சொல்ல மாட்டீங்களே. இந்தாங்க, அட்வான்ஸ்ல எழுதிக்கறேன்."
அவள் சாக்கை உதறி மடித்து, பணத்தை வாங்கிக்கொண்டாள்.

இலை கிலோ 15 ரூபாய் என்று முன்பே சொல்லியிருந்தால், நான்கு கிலோவுக்கு 60 ரூபாய் போனதை வாசகர் தானே கணக்குப் போட்டுவிடுவார். அந்தப் பணத்தைத்தான் அவன் கடனாகத் திருப்பித் தருகிறான் என்பதும், வாங்கிய அட்வான்ஸ் தீரும்வரை வேறு ஏஜென்டுக்கு இலை போட முடியாது என்பதும் உறைக்கும். சத்தமே போடாத ஒருவன் அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

திருத்தும் முறை: மோதல் தொடங்குவதற்கு முன்பே, வில்லனின் அதிகாரம் சாதாரணமாக வேலை செய்யும் ஒரு சிறிய பரிமாற்றத்தை முழுமையாகக் காட்டுங்கள். அதில் ஒரு எண் இருக்கட்டும், ஒரு பொருள் இருக்கட்டும், பாதிக்கப்படுகிறவர் நன்றி சொல்கிற மாதிரி ஒரு தருணமும் இருக்கட்டும். அதற்குப் பிறகு அவன் வெறுமனே வாசலில் வந்து நின்றாலே போதும்.

கூடவே, அவனுடைய பிடி எதிலிருந்து வருகிறது என்று ஒரே வரியில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். நம் கதையில் பதில் தேயிலையிலேயே இருக்கிறது. பறித்த இலை காத்திருக்காது. சாக்கில் அடைத்து வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். மூட்டை நிரம்பிய நேரத்தில் விலை பேச அவளுக்கு அவகாசமில்லை, அவனுக்கு உண்டு. கேரட் கதை என்றால் மேட்டுப்பாளையம் மண்டியில் முன்பணம் கொடுத்தவர், சுற்றுலாக் கதை என்றால் சீசன் மாதங்களில் அறைகளை மொத்தமாகப் பிடித்துவைப்பவர். எந்தத் தொழிலிலும் காத்திருக்க முடியாத ஒரு பொருள் இருக்கும். அதன் வாசலில் நிற்பவன்தான் வில்லன்.

அறிகுறி: "எதுக்கு இவ்வளவு கெட்டது பண்றான்னே புரியல"

எழுதியவரிடம் கேட்டால் "பணத்தாசை" என்பார். பணத்தாசை ஒரு குணம். குணத்தை வைத்து ஒருவன் செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. வில்லனுக்குத் தொகை வேண்டும், கெடு வேண்டும், அந்தக் கெடுவுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் ஒரு ஆள் வேண்டும்.

ஃபேக்டரி முதலாளியை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ இலையிலிருந்து சுமார் 23 கிலோ தூள் கிடைக்கிறது என்றும், குன்னூர் ஏலத்தில் அது கிலோ 100 ரூபாய்க்குப் போகிறது என்றும் கதைக்காக வைப்போம். வரவு 2300. தேயிலை வாரியத்தின் விலைப் பகிர்வு முறை 65:35. அதன்படி விவசாயிக்கு 1495, அதாவது கிலோவுக்குப் பதினைந்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மீதி 805 ரூபாயில் விறகு, கரண்ட், ஆள் கூலி, சாக்கு, பேங்க் வட்டி எல்லாம் அடங்க வேண்டும். இப்போது முற்றிய இலையாக வருகிறது, தூள் 21 கிலோதான் தேறுகிறது. வரவு 2100 ஆகிவிட்டது. ஆனால் விலை மாவட்ட சராசரியை வைத்து ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டதால் இலைக்குக் கொடுக்க வேண்டியது அதே 1495. கையில் மிஞ்சுவது 605.

அந்த 200 ரூபாய் வித்தியாசத்துக்குள் ஒரு வில்லன் முழுசாக உட்கார்ந்திருக்கிறான். "ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு பறிச்சா நான் ஏன் கழிக்கப் போறேன்? கத்தரி போட்டுக் குச்சியோட வாரிட்டு வர்றாங்க" என்று அவன் சொல்லும்போது அதில் நியாயமும் இருக்கிறது. அங்கிருந்து எடையில் கழிப்பதற்கு ஒரு அடி, தூளில் சாயம் கலப்பதற்கு இன்னொரு அடி, சாயத்தைப் பார்த்துவிட்ட பையனை வேலையை விட்டு அனுப்புவதற்கு மூன்றாவது அடி. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் கடனை அடைக்க எடுத்து வைத்தது. வாசகர் அவனை மன்னிக்க வேண்டியதில்லை, ஆனால் எந்தப் படியில் தானும் வழுக்கியிருப்போம் என்று யோசிப்பார். அந்த யோசனைதான் வில்லனை மறக்க விடாமல் செய்கிறது.

இதற்குத் தமிழில் பழைய, உறுதியான முன்மாதிரி சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன். கோவலன் மேல் அவனுக்கு எந்தப் பகையும் கிடையாது. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்; பழியை யார் தலையில் போடுவது என்ற சிக்கலோடு இருந்தவன் முன்னால், கையில் சிலம்போடு கோவலன் வந்து நிற்கிறான். வில்லனுக்குத் தன் சொந்தச் சிக்கல் ஒன்று முதலிலேயே இருக்கிறது, நாயகன் அதற்கு விடையாக வந்து மாட்டுகிறான். உங்கள் வில்லன் தாளின் முதல் வரி நாயகி கதைக்குள் வருவதற்கு முந்தைய தேதியில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

அறிகுறி: முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை ஒரே பலம்

வில்லன் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருப்பான், கடைசி அத்தியாயத்தில் திடீரென்று தோற்பான். நடுவில் ஏற்ற இறக்கம் இருக்காது. மலையில் எழுதுபவருக்கு இதைச் சரிசெய்வது சுலபம், பருவமே உதவிக்கு வரும். மழைக்குப் பிறகு இலை குவியும்போது ஃபேக்டரிகள் ஆளுக்கு இத்தனை கிலோதான் என்று கோட்டா போட்டுவிடும். அப்போது ஏஜென்ட் ராஜா; வண்டி ஏற்றாமல் போனால் அவ்வளவு இலையும் வீண். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழுந்து கொழுந்து கருகும் மாதங்களில் நிலைமை தலைகீழ். ஃபேக்டரிக்கு இலை வேண்டும், ஏஜென்ட் வீடு வீடாக வந்து "அக்கா, எவ்வளவு இருந்தாலும் குடுங்க" என்பான். அதே ஆள், அதே வாசல்.

அந்தப் பனிக்கால அத்தியாயத்தை எழுதாமல் விட்டிருப்பீர்கள். எழுதுங்கள். பலவீனமாக இருக்கும்போது வில்லன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அவனைப் பற்றி அதிகம் சொல்லும். அந்த அவமானத்தை அவன் நினைவில் வைத்திருப்பான், அடுத்த கோட்டா காலத்தில் அதற்கு விலை வசூலிப்பான். நடுப்பகுதி தொய்வும் இதிலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: உச்சக்கட்டத்தில் வில்லன் திடீரென்று முட்டாளாகிறான்

எல்லா உண்மையையும் தானே ஒப்பிக்கிறான், தப்ப வழி இருந்தும் நின்று பேசுகிறான், போனை மறந்து வைத்துவிட்டுப் போகிறான். நாயகியை ஜெயிக்கவைக்க எழுதியவர் அவன் மூளையைக் கழற்றிவிட்டார் என்று அர்த்தம்.

ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கேள்வி கேளுங்கள்: இப்போது எனக்கு மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை எது? நிஜ வாழ்க்கையில் தீங்கு செய்பவர்கள் மலிவான வழியிலிருந்துதான் தொடங்குவார்கள். முதலில் தாமதம், பிறகு ஊர்ப்பேச்சு, பிறகு காகிதம், பிறகு அதிகாரி, பிறகு பணம். அடிதடி கடைசி, அது செலவு அதிகம், சாட்சியும் மிஞ்சும். இரண்டாம் அத்தியாயத்திலேயே அடியாள் அனுப்பும் வில்லன், கையில் வேறு எதுவும் இல்லாதவன் போலத் தெரிவதற்கு இதுவே காரணம்.

காகிதம் எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதற்கு நீலகிரியின் கூடலூரைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில (பரம்பரை உடைமை நில) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலங்கள் பல பத்தாண்டுகளாக வழக்கில் சிக்கிக் கிடந்தன. அங்கே தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்புகூடக் கிடைக்காமல் இழுபட்டது. இப்படிப்பட்ட ஊரில் நடக்கும் கதையில் வில்லன் கத்தி எடுக்க வேண்டியதே இல்லை. "அந்த வீடு பிரிவு 17-ல வருதுங்க, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு மனு எழுதிப் போட்டால் போதும். ஒரு தாள், ஒரு கையெழுத்து. அதைப் போட்டது யார் என்று நாயகிக்குத் தெரிய மூன்று அத்தியாயம் ஆகும்.

வில்லன் புத்திசாலியாக இருந்தால் நாயகி எப்படித்தான் ஜெயிப்பது? அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அவன் தன் வசதிக்காகப் பார்க்க மறுத்த விஷயமாக இருக்க வேண்டும். எடைச் சீட்டுகளை யாரும் சேர்த்துவைக்க மாட்டார்கள் என்று அவன் நம்புகிறான். அவள் சமையலறை ஆணியில் குத்தி வைத்திருக்கிறாள். அவள் ஊரில் பதினாறு வீட்டு ஆணிகளிலும் அப்படிச் சீட்டுகள் இருக்கின்றன. அவன் தப்பு செய்யாமலேயே மாட்டுகிறான்.

அறிகுறி: வில்லனின் சாதியோ ஊரோ மொழியோதான் அவன் வில்லத்தனம்

மலைக்கதைகளில் இது இரண்டு வடிவத்தில் வருகிறது. ஒன்று, சமவெளியிலிருந்து மலையேறி வந்தவன் எல்லாம் கெட்டவன், மலைக்காரர் எல்லாம் வெள்ளந்தி. இன்னொன்று, பழங்குடி மந்திரவாதி. இரண்டாவதை எழுதுவதற்கு முன் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீலகிரியில் குறும்பர்கள் மேல் பில்லி சூனியப் பழி போடப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டில் அதன் பேரால் அவர்கள் கும்பலாகக் கொல்லப்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நோயும் சாவும் யாரோ ஒருவர் மேல் சுமத்தப்பட வேண்டியிருந்தபோது அந்தப் பழி காட்டோரம் வாழ்ந்தவர்கள் தலையில் விழுந்தது. இன்றைக்கு ஒரு கதாசிரியர் சுவாரசியத்துக்காக அதே உருவத்தை எடுத்தால் அந்தப் பழியைத்தான் புதுப்பிக்கிறார். இதில் நடுநிலை வகிக்க எங்களால் முடியாது: அப்படி ஒரு பாத்திரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் பழியைச் சுமத்தியவர் யார், அதனால் யாருக்கு நிலம் கிடைத்தது என்று கேட்டால் அங்கே உண்மையான வில்லன் கிடைப்பான்.

மாற்றிப் பார்க்கும் சோதனை எளிது. வில்லனின் சமூகத்தையும் ஊரையும் மாற்றி அவன் காட்சிகளைப் படியுங்கள். செயல்கள் அப்படியே நின்றால் பாத்திரம் உறுதியாக இருக்கிறது. செயலே இல்லாமல் போய்விட்டால், உங்களிடம் இருந்தது பாத்திரம் இல்லை, வெறுப்பு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே தேயிலைக் காட்டில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களைப் பற்றி எழுதும்போதும் இதே சோதனை செல்லும். அந்தக் குடும்பத்து ஆள் வில்லனாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் பிறந்ததற்காக இருக்கக் கூடாது.

அறிகுறி: இளமைக்கால பிளாஷ்பேக் வந்ததும் வில்லன் சப்பென்று ஆகிவிடுகிறான்

பத்துப் பக்கத்துக்குச் சின்ன வயதுத் துயரம். வாசகருக்கு "சரி, விடு" என்று தோன்றிவிடுகிறது. பழைய காலம் அவன் செய்ததை நியாயப்படுத்தும் வேலையைச் செய்தால் பாத்திரம் கரையும். அவன் செய்யும் முறையை விளக்கும் வேலையைச் செய்தால் பாத்திரம் இறுகும்.

நம் ஏஜென்ட் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவன் என்று வைப்போம். அம்மா பறித்த கொழுந்தை மேஸ்திரி எப்போதும் குறைத்தே எழுதினான். அதிலிருந்து அவன் கற்றுக்கொண்டது இரக்கமில்லை, எடையில் எங்கெல்லாம் கை வைக்கலாம் என்ற அறிவு. இப்போது அவன் தராசில் ஒரு கிராம்கூடப் பிசகாது, ஊருக்கே காட்டுவான். கழிவைச் சீட்டில்தான் எழுதுவான். இதற்குக் கால் பக்கம் போதும். தீங்கு நடந்த பிறகு அதை வையுங்கள், முன்னால் வைத்தால் அது வக்காலத்து ஆகிவிடும்.

அறிகுறி: வில்லன் வாயைத் திறந்தால் சினிமா வாடை

அவன் வசனங்களில் அவன் தன்னைப் பற்றியே பேசும் வரிகளை முதலில் அடியுங்கள். "நான் யார் தெரியுமா", "என்னைப் பகைச்சுக்கிட்டவன் உசிரோட இல்ல" போன்றவை. அடித்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை என்றால், எதிரில் இருப்பவரைப் பற்றிப் பேச வையுங்கள். மலையில் மிரட்டல் அக்கறை போலத்தான் வரும். "பனி இறங்கிடுச்சு, கடைசி பஸ்ஸுல வராதீங்கக்கா, நம்ம ரோட்டுல லைட்டு கிடையாது." இதைக் கேட்ட பெண் அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டாள்.

இன்னொரு கருவி மொழி. நீலகிரியில் வியாபாரம் செய்பவர் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், படகு மொழி பேசுவார், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசுவார், அலுவலகத்தில் ஆங்கிலம் கலந்த தமிழ் பேசுவார். ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் பேசத் தெரிந்தவன் எல்லாருக்கும் வேண்டியவன் ஆகிவிடுகிறான். நாயகிக்கு ஆபத்து நேரும் காட்சியில் அவன் அவளுக்குப் புரியாத மொழிக்கு மாறிவிட்டால், வசனத்தை மொழிபெயர்க்காமலே விடுங்கள்.

அறிகுறி: அடியாட்களுக்கு முகமே இல்லை

ஒருவனுக்கு மட்டும் பெயரும் வீடும் சம்பளத் தேதியும் கொடுங்கள், மற்றவர்கள் கூட்டமாகவே இருக்கட்டும். அந்த ஒருவன் முதலாளி சொல்வதை ஒருமுறையாவது மறுத்துப் பேச வேண்டும், பிறகும் கூடவே நிற்க வேண்டும். கம்பனின் கும்பகர்ணன் அண்ணனின் தவறை அவையிலேயே சொல்லிவிட்டு அண்ணனுக்காகவே போருக்குப் போகிறான். ராவணன் எவ்வளவு பெரியவன் என்பது அங்கே தெரிகிறது: தப்பு என்று தெரிந்தும் நல்லவன் ஒருவன் அவனுக்காகச் சாகத் தயார்.

அறிகுறி: வில்லன் ஒரு ஆளே இல்லை, கம்பெனியோ அரசாங்கமோ மழையோ

கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை ஒன்று இயங்கியது. 2001-இல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடந்தது வெளியே தெரிந்து, அதே ஆண்டு ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு வந்தது 2016-இல். இந்த மாதிரி விஷயத்தைக் கதையாக்குகிறவர்கள் "கம்பெனி" என்ற சொல்லையே வில்லனாக்கி, முன்னூறு பக்கம் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கம்பெனி என்ற சொல்லுக்கு முகமில்லை, அதனால் காட்சி அமையாது.

கற்பனை ஆலை ஒன்றை வைத்து, அதன் பெரிய முடிவு எந்தச் சின்ன மேசை வழியாக ஆளிடம் வந்து சேர்கிறது என்று தேடுங்கள். கழிவு மூட்டைக்கு "சாதாரண கண்ணாடி" என்று கேட் பாஸ் எழுதுபவர், மாதாந்திர மருத்துவப் பரிசோதனைத் தாளை வீட்டுக்குக் கொடுக்காமல் பீரோவில் வைப்பவர். அவருக்கு நல்ல ஸ்வெட்டர் இருக்கும், பையனுக்குப் பள்ளியில் இடம் வாங்கிய கடன் இருக்கும், தொழிலாளிகள் பெயர் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அவர் சொல்லும் ஒரே பொய் "ஒண்ணும் ஆகாது". வில்லன் தாளை அவருக்குப் போடுங்கள், மேலிடம் தொலைபேசிக் குரலாக மட்டும் இருக்கட்டும்.

மழைக்கும் இதுவே. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையை வில்லனாக்கினால் யாருக்கும் பொறுப்பில்லை என்று கதை சொல்லிவிடும். சரிவை வெட்டித் தடுப்புச் சுவர் இல்லாமல் கட்ட அனுமதி வாங்கித் தந்தவரிடம் போங்கள்.

அறிகுறி: வாசகர் வில்லன் பக்கம் சாய்ந்துவிட்டார்

வில்லனைத் திருத்தாதீர்கள், அவன் நன்றாகவே இருக்கிறான். நாயகியின் பக்கங்களில் அவள் முடிவெடுக்கும் இடங்களை அடிக்கோடு போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவள் அழுதிருப்பாள், ஓடியிருப்பாள், யாரோ காப்பாற்றியிருப்பார்கள். அவளுக்கும் நான்கு கட்டத் தாள் போடுங்கள். ஏதோ ஒரு இடத்தில் வில்லனுக்கு இழப்பு வருகிற மாதிரி அவளாக முதல் அடி எடுத்து வைக்க வேண்டும், அதற்கு அவளுக்கும் செலவு ஆக வேண்டும்.

அறிகுறி: தண்டனை ஒட்டவில்லை

மலைக்கதை என்றாலே வில்லனின் ஜீப் பள்ளத்தில் விழும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உண்மைதான், அங்கே பிரேக் பிடிக்காமல் போவதும் நடக்கக் கூடியதுதான். ஆனால் அது கதையின் தீர்ப்பு ஆகாது, விபத்து. அவன் எதை வைத்து ஊரைப் பிடித்திருந்தானோ அதுவே அவனைப் பிடிக்க வேண்டும். நம் ஏஜென்டின் பலம் அட்வான்ஸ் நோட்டு. பதினாறு வீட்டு எடைச் சீட்டுகளையும் அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தால், கடன் வாங்கியவர்கள் எல்லாரும் கடனை எப்போதோ அடைத்துவிட்டார்கள் என்று வருகிறது. ஒழுங்காகக் கணக்கு எழுதும் அவன் பழக்கமே அவனுக்கு எதிரான சாட்சி.

அவன் விழுந்த பிறகு இன்னொரு காட்சி தேவை, பலர் அதை எழுதுவதில்லை. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில், போர்க்களச் சாவை நடித்துக் காட்டும் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்துவார்கள். பதினெட்டு நாள் பாரதத்தில் அவனை வெறுத்த அதே ஊர் நடுவில் காந்தாரி வேடத்தில் ஒருவர் அவன் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பார். வில்லனுக்கு அழ ஒரு ஆள் இருந்தால்தான் அவன் ஆளாக இருந்தான் என்று ஆகிறது. ஏஜென்டின் வீட்டுக்கு அன்றைக்கு யார் போனார்கள், வாசலில் யார் செருப்பைக் கழற்றாமல் நின்றார்கள், அவன் மனைவி யாரிடம் முதலில் பேசினாள் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். கழிவு எழுதி வந்த அந்த அட்வான்ஸ் பணத்தில்தான் சிலர் பிள்ளைகள் படித்தார்கள் என்பதும் அங்கே பேச்சில் வரலாம். அதை யாரும் மறுத்துப் பேச வேண்டாம்.

திருத்திய பிறகு

முன்பு படித்தவர்களிடமே மறுபடி கொடுக்காதீர்கள், அவர்கள் மனதில் பழைய வில்லன் இருப்பான். புதிதாக இரண்டு பேர் போதும், ஒருவராவது மலையில் தொழில் தெரிந்தவராக இருக்கட்டும். "வில்லன் எப்படி இருக்கான்" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு: அவனுக்கு என்ன வேண்டியிருந்தது, எந்தத் தேதிக்குள்? அவன் செய்ததில் எது வரை நீங்களும் செய்திருப்பீர்கள்? அவன் வராத அத்தியாயத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நினைத்தீர்கள்? முதல் கேள்விக்கு இருவரும் வேறு வேறு பதில் சொன்னால் தொகையும் கெடுவும் பக்கத்தில் தெளிவாக விழவில்லை. இரண்டாவதற்கு "எதுவுமே செய்திருக்க மாட்டேன்" என்றால் முதல் படி மிக உயரமாக இருக்கிறது, அதற்குக் கீழே இன்னொரு படி வையுங்கள். மூன்றாவதற்கு "யோசிக்கவே இல்லை" என்று வந்தால் வில்லன் தாளுக்குத் திரும்பிப் போய், காலியாக இருக்கும் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.